ஸ்னாப்: ஒட்டா, கவ்வா, பற்றா?

வணக்கம்.

விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய கணினியைத் தள்ளிவிடாமல் உபுண்டு இயங்குதளத்துக்கு மாறும் பட்டறைக்காரர்களுக்குக் கணினியில் வரைபடம் வரையும் கையேடு தயாராகிறது. பிளாஞ்ச், பிராக்கெட், தகடு வரைய லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருள் போதும். க்யூகேட் சமூகப் பதிப்பிலிருந்து கிளைத்தது, இருபரிமாணம் மட்டும். ஆட்டோகேட் மென்பொருளின் டிடபிள்யூஜி கோப்பாகச் சேமிக்காது, பழைய படங்களை ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் என்ற மாற்றியில் 2007 வகை டிஎக்ஸ்எஃப் கோப்பாக்கிக்கொண்டு திறக்கலாம்.

புள்ளி வைக்கும்போது சுட்டியை அருகிலுள்ள முனை, மையம் போன்ற இடத்துக்குத் தானே இழுத்துக்கொள்ளும் வசதியான ‘ஸ்னாப்’ என்ற சொல்தான் தமிழ் கிடைக்காமல் நிற்கிறது. அப்படியே விட முடியாது: உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் பொதிக்கும் அதே பெயர். ‘ஸ்னாப் போட்டீர்களா?’ என்றால் எதைக் கேட்கிறோம் என்று புரியாது. ‘ஒட்டு’ சரிவருமா? முனையொட்டு, மையவொட்டு என்று விரியும்.

ராணிப்பேட்டை

---

ஐயா, ‘ஒட்டு’ வேண்டாம். வெட்டு, நகல், ஒட்டு என்ற பட்டியலில் அது ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. அதைவிடப் பெரிய காரணம், ஸ்னாப் எதையும் ஒட்டுவதில்லை. வட்டத்தின் மையத்தில் ஸ்னாப் செய்து ஒரு கோடு தொடங்குங்கள். பிறகு வட்டத்தை நகர்த்துங்கள். லிப்ரேகேடில் கோடு இருந்த இடத்திலேயே கிடக்கும். புள்ளி வைக்கும் அந்த நொடியில் ஆயத்தொலையைத் துல்லியமாக எடுத்துக்கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

உண்மையில் ஒட்டுவது ஃப்ரீகேட் என்ற இன்னொரு வரைபட மென்பொருளின் ஸ்கெட்சர் பகுதியில் இருக்கிறது. இரண்டு முனைகளுக்கு ஒன்றிணைவுக் கட்டுப்பாடு கொடுத்தால் ஒன்றை இழுக்கும்போது மற்றதும் வரும். ‘ஒட்டு’ என்று படித்தவர் லிப்ரேகேடிலும் இதையே எதிர்பார்த்து ஏமாறுவார்.

சென்டர் பன்ச் குழியில் காம்பஸ் கால் உட்காருகிறதே, அதுதான் ஸ்னாப். பக்கத்தில் கொண்டுபோனால் கால் தானாகக் குழிக்குள் இறங்கும், எடுத்தால் வந்துவிடும். ‘பற்று’ என்று வைக்கலாம்.

காட்பாடி

---

பற்று என்றால் கணக்கில் பற்று வரவு அல்லவா? ‘கவ்வு’ பட்டறைக்கு நெருக்கமான சொல்.

ஆம்பூர்

---

கவ்வு என்றதும் வைஸும் கிளாம்ப்பும்தான் நினைவுக்கு வரும், தளர்த்தும்வரை விடாதவை. ஒட்டில் உள்ள குறையே இதிலும் வருகிறது. பற்று வரவுக் குழப்பம் தனிச்சொல்லில்தான், கூட்டுச்சொல்லில் வராது. முனைப்பற்று, மையப்பற்று, நடுப்பற்று, வெட்டுப்புள்ளிப்பற்று, கட்டப்பற்று என்று எழுதிப் பாருங்கள். ஆட்டோகேடிலிருந்து வருபவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அங்கே எஃப்9 விசையும் ஸ்னாப்தான், எஃப்3 விசையும் ஸ்னாப்தான்; முன்னது கட்ட இடைவெளிக்கு, பின்னது வரைந்த பொருளின் புள்ளிக்கு. தமிழில் கட்டப்பற்று, புள்ளிப்பற்று என்று பிரித்தே சொல்லலாம்.

கையேட்டில் விளக்கத்தோடு ஒரு பயிற்சியும் சேருங்கள். 200 மி.மீ. பிளாஞ்ச், பி.சி.டி. (துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 150, எம்16 போல்ட்டுக்கு 18 மி.மீ. துளை எட்டு. மையப்பற்றில் 75 ஆரமுள்ள வட்டம்; மையத்திலிருந்து செங்குத்துக் கோடு; இரண்டும் வெட்டும் இடத்தில் வெட்டுப்புள்ளிப்பற்றில் 9 ஆரமுள்ள துளை. அதை 45 பாகையாக 7 நகல் திருப்ப வேண்டும். திருப்பும் மையத்தைக் கண்ணால் வைத்து 0.3 மி.மீ. தவறினால், எதிர்ப்புறத் துளை 0.6 மி.மீ. தவறிப்போகும். திரையில் தெரியாது, போல்ட் போடும்போது தெரியும்.

பிளாஸ்மா வெட்டுக்கு அனுப்பும் படத்தில் முனைப்பற்று இல்லாமல் வரைந்தால் கோடுகளுக்கு நடுவே நூலிழை இடைவெளி விழும். சுற்று மூடாது. மூடாத சுற்றுக்கு உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. தீ வெட்டித் தின்னும் அகலத்துக்கு எந்தப் பக்கம் ஈடுகட்டுவது என்று வெட்டும் மென்பொருளுக்குத் தெரியாது.

எல்லாப் பற்றையும் ஒன்றாகப் போட்டுவைப்பதும் தவறு. சின்னத் துளைகள் நெருங்கிய இடத்தில் முனைக்குப் பதில் நடுப்புள்ளி சிக்கும். முனை, மையம், வெட்டுப்புள்ளி மூன்றும் போதும். நடுப்பற்றைத் தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம்.

காட்பாடி

---

ஒட்டைத் திரும்பப் பெறுகிறேன். இங்க்ஸ்கேப் என்ற ஓவிய மென்பொருளில் % விசை செய்வதையும் ‘பற்று நிறுத்து’ என்று எழுதிவிடலாம், ஷூ பேட்டர்ன் வரைபவர்களுக்கும் அதே சொல் போய்ச் சேரும். சுட்டி எவ்வளவு நெருங்கினால் பற்றும் என்கிற தொலைவுக்குப் ‘பற்றெல்லை’ என்று குறித்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் கையேடு அச்சுக்குப் போகும்முன் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை