முட்டையில்லாத எக்நாக்: பதம் சொல்லுங்களேன்

டொரொண்டோவில் இருக்கிறோம், கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே எக்நாக் (பால், முட்டை, சர்க்கரை சேர்த்துச் செய்யும் கெட்டியான பானம்) செய்ய ஆசை, ஆனால் மகளுக்கு முட்டை ஒவ்வாமை, போன வருடம் எல்லோரும் குடிக்க அவள் மட்டும் வெறும் பாலோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மனசே கேட்கவில்லை. 1837இல் ஆல்பிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர் முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகத்தான் கஸ்டர்ட் பவுடரையே உருவாக்கினார், அதை நம்பி அரை லிட்டர் பாலில் 3 மேசைக்கரண்டி கரைத்துக் காய்ச்சினேன். சூட்டில் சரியாக இருந்தது. மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் கரண்டி நட்டமாக நிற்கிறது! பவுடரைக் குறைத்தால் போதுமா, இல்லை ஊறவைத்த முந்திரியை அரைத்துச் சேர்க்கலாமா? அப்புறம், ஜாதிக்காயை இறக்கிய பிறகு துருவினால்தான் மணம் நிற்கிறது, பட்டையையும் அப்படித்தான் போட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள், 24ஆம் தேதி இரவுக்கு வேண்டும்.