பக்கத்து மேசை சென்சார் நம்ம மூடியைத் திறக்குது, வழி சொல்லுங்க

மேக்கர் ஃபேர்ல (சொந்தமா செஞ்ச கருவிகளைக் காட்டுற கண்காட்சி) வைக்க, கை நீட்டினா தானா திறக்கிற குப்பைத்தொட்டி. கட்டுப்படுத்த அர்டுயினோ உனோ போர்டு, ஒலி அனுப்பி அதோட எதிரொலியை வெச்சு தூரம் அளக்கிற ஹெச்சி-எஸ்ஆர்04 சென்சார், மூடியைத் தூக்க எஸ்ஜி90 சர்வோ (சின்ன மோட்டார்). சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் 2 ஆம்ப் சப்ளை, கிரவுண்ட் மட்டும் பொது, குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அதனால போர்டு ரீசெட் ஆகலை. (9 வோல்ட் சதுர பேட்டரி மட்டும் வேண்டாம், மூடியைத் தூக்கும்போதே படுத்துடும்.)

சிக்கல் வேற. பக்கத்து மேசையிலும் அதே சென்சார், ரெண்டும் 40 கிலோஹெர்ட்ஸ். அவங்க ஒலியை இது தன்னோட எதிரொலின்னு எடுத்துக்கிட்டு, ஆளே இல்லாதப்போ 12 செ.மீ.ன்னு காட்டுது. ஒலி அனுப்புற இடைவெளியை 60லேர்ந்து 90 மில்லிசெகண்டுக்குள்ள மாத்தி மாத்தி வெச்சு, 5 ரீடிங்ல நடு மதிப்பை எடுத்தா குறையுது, ஆனா முழுசா நிக்கலை.

சென்சாருக்கு முன்னாடி ஸ்பாஞ்ச் ஒட்டின குழாய் வெச்சவங்க யாராவது இருக்கீங்களா? எவ்வளவு நீளம் வெச்சீங்க? இல்ல, விஎல்53எல்0எக்ஸ் லேசர் சென்சாருக்கே மாறிடலாமா? மேசை ஜன்னலோரம், வெயில் பட்டா அதோட ரேஞ்ச் குறையுமேன்னுதான் யோசனை.