அப்புச்சி வீட்டுச் சொந்தம் – வாட்ஸ்அப் குழு

சூர்யா, இரவு 8:12
மாமா, ராணுவக் குடியிருப்பு வேலைக்கு இன்று ஒரு லோடு செங்கல் இறங்கியது. கையில் எடுத்தாலே முனை உதிர்கிறது. "பூசினால் தெரியாது, கையெழுத்துப் போடு" என்கிறார் காண்ட்ராக்டர். படம் அனுப்பியிருக்கிறேன்.

தடாகம் மாமா, 8:20
படத்தில் என்ன தெரியும் கண்ணு? செங்கல் காதில்தான் தெரியும். இரண்டைத் தட்டிப் பார். ணங் என்று கேட்கிறதா, சொத்து என்றா?

சூர்யா, 8:26
சொத்துங்க மாமா.

தடாகம் மாமா, 8:31
அப்போ வேகாத கல். நன்றாகக் காய்ந்த கல் ஐந்தை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவை. துடைத்துவிட்டுத் திரும்ப எடைபோடு. நூற்றுக்கு 20க்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால் ஆகாது. 2021இல் சூளையை மூடினாலும் கை மறக்கவில்லை.

மாலதி சித்தி, 8:33
சுற்றுச்சுவர்தானே? அதற்கு இவ்வளவா?

சிவா அண்ணன், 8:40
சித்தி, ஆப்கானிஸ்தானில் வர்தக் மாகாணத்தில் அமெரிக்கப் பணத்தில் போலீஸ் பயிற்சிக் கட்டடம் ஒன்று கட்டினார்கள். ஏறக்குறைய 4,56,000 டாலர். 2012இல் ஒப்படைத்த நாலே மாதத்தில் சுவர் கரைய ஆரம்பித்தது. கல்லில் மணல்தான் அதிகம், களிமண் கொஞ்சம். 2015இல் சிகார் என்கிற தணிக்கை அமைப்பு அதை எழுதியது. ஹெல்மண்ட் மாகாணத்தில் இன்னொன்று: அமெரிக்க ராணுவத் தலைமையகக் கட்டடம், 64,000 சதுர அடி. வேண்டாம் என்று அங்கிருந்த ஜெனரலே 2010இல் சொன்னார். கேட்காமல் கட்டி, யாரும் குடிபோகவில்லை.

மாலதி சித்தி, 8:42
நம்மூராக இருந்தால் வாஸ்து சரியில்லை என்றிருப்பார்கள் 😄

ஈரோடு சித்தப்பா, 8:51
சிரிக்காதீங்க. கரண்ட் வேலையில் விட்டால் உயிரே போகும். ஈராக்கில் 2008 ஜனவரியில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் குளிக்கும்போது ஷாக் அடித்து இறந்தார். மாடியில் இருந்த தண்ணீர் மோட்டாருக்கு எர்த் இல்லை. சூர்யா, உங்கள் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டதை நீ கண்ணால் பார்த்தாயா? மூடிய பிறகு எல்லாக் குழியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சூர்யா, 8:54
இரண்டு குழி பார்த்தேன். மூன்றாவதை நான் வருவதற்குள் மூடிவிட்டார்கள்.

ஈரோடு சித்தப்பா, 8:55
மீட்டர் வைத்து அளக்கச் சொல். அளவு சரியில்லை என்றால் தோண்டச் சொல்.

சூர்யா, 8:58
மேலே கேட்டால், "அதுதான் சிஏஜி தணிக்கை இருக்கிறதே" என்கிறார்கள்.

சிவா அண்ணன், 9:03
அவர்கள் வருவதற்குள் காண்ட்ராக்டர் பில் வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். ரிஜிஸ்டரில் இருப்பது உன் கையெழுத்து.

*மறுநாள்*

சூர்யா, இரவு 9:15
மாமா, முதல் கல் 2.800 கிலோ இருந்தது, ஊறியதும் 3.580. மற்ற நாலும் நூற்றுக்கு 24க்குக் குறையவில்லை.

தடாகம் மாமா, 9:17
முதல் கல் 28 வருகிறது. ஏற்றி அனுப்பு.

சூர்யா, 9:19
எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏற்றுக்கூலி யார் தருவது என்று கேட்டில் சண்டை நடக்கிறது.

அம்மா, 9:20
சாப்பிட்டாயா? சந்தகை பிழிந்து வைத்திருக்கிறேன்.

சூர்யா, 9:21
லாரி போனதும் வருகிறேன்மா.

தடாகம் மாமா, 9:24
இரு கண்ணு. ஏற்றுவதற்கு முன் கல் மேல் சிவப்பு பெயிண்ட்டில் கோடு இழுத்துவிடு. அதே லோடு வேறு லாரியில் திரும்ப வரும்.