மன்னிப்புக்குப் பிறகு சீட்டுக் கொப்பி யார் கையில்?

கல்லடியிலிருந்து ஒரு சகோதரி:

சபைக்குள் ஒருவரிடம் காசு கொடுத்து ஏமாந்தவர்களுக்கு எல்லோரும் சொல்லும் புத்தி ஒன்றுதான்: "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கு, விட்டுருங்க." சரி, விட்டுவிடலாம். அதற்குப் பிறகு அந்த ஆளைக் காசு விஷயத்தில் திரும்ப நம்பலாமா என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

2021 இல் எங்கள் மாதர் சங்கத்தில் இருபது பேர் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய்ச் சீட்டுப் போட்டோம். சீட்டைப் பிடித்து நடத்தியவர் எல்லோருக்கும் வேண்டிய ஒரு அக்கா. எனக்குக் கடைசிப் பக்கத்தில் காசு கிடைக்கும் பின்சீட்டு. வீட்டின் பின்பக்கக் கூரையை மாற்ற அந்த 2 லட்சத்தைத்தான் நம்பியிருந்தேன். பாதிச் சீட்டு ஓடியபோது அவர் ஒருவருக்கும் சொல்லாமல் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். கணவர் பட்ட கடனுக்கு எங்கள் காசு போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருடம் நாடு இருந்த நிலை தெரியும்தானே. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறியது. 2023 இல் அவர் திரும்பி வந்தபோது நான் கட்டிய காசு பாதித் தகட்டுக்கும் காணாது.

வந்த கிழமையே வீட்டுக்கு வந்தார். கேற்றடியில் நின்றவரை உள்ளே கூப்பிட்டுப் பிளேன்ரீ கொடுத்தேன். பையிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். இருபது பேரின் பெயரும் வரிசையாக இருந்தது. யார் கட்டியது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, அவர் தர வேண்டியது எவ்வளவு என்று கோடு போட்டுச் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார். என் பெயருக்கு நேரே இருந்த தொகை நான் குறித்து வைத்திருந்ததோடு ஒத்துப்போனது. நிலைமை அப்படி, கணவர் இப்படி என்றெல்லாம் அவர் கதைக்கவில்லை. "உங்கட காசை நான்தான் எடுத்தன் தங்கச்சி" என்றார். அன்றைக்கே மனதார மன்னித்தேன். இரண்டு பேரும் அழுது ஜெபித்தோம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. சங்கக் கூட்டத்தில் மூத்த அம்மா ஒருவர், மன்னித்ததற்கு அடையாளமாகப் பொருளாளர் பொறுப்பை அந்த அக்காவுக்கே கொடுப்போம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் எழும்பி, இப்போதைக்கு வேண்டாம் என்றேன். சிலருக்கு முகம் கறுத்தது. அப்படியென்றால் நீ மன்னிக்கவில்லைத்தானே என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார்.

நான் வேதத்தில் வரும் மாற்குவைச் சொன்னேன். பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுவிட்டுப் போனவரை அடுத்த பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப் பவுல் சம்மதிக்கவில்லை. பர்னபாதான் சீப்புருவுக்குக் கூட்டிப்போய்த் தன்னோடு வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அதே பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு உதவியாக இருப்பான் என்கிறார். இடையில் எவ்வளவு காலம் போயிருக்கும்! யோசேப்பும் அப்படித்தான். தன்னை விற்ற அண்ணன்மார் தங்கள் குற்றத்தைப் பேசியதைக் கேட்டுத் தனியே போய் அழுதார், ஆனால் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக அண்ணன் யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான் தான் யார் என்று சொன்னார். மன்னிப்பு நான் கொடுப்பது. நம்பிக்கையை அவர் உழைத்துச் சேர்க்க வேண்டும், அதற்கு அவருக்கு இடம் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

போதகர் ஐயா இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு சொன்னார். மாதாமாதம் இரண்டு பேர் முன்னால் கட்டுவது, பற்றுச்சீட்டுத் துண்டு எழுதுவது, பதவி இப்போதைக்கு இல்லை. அந்த அக்கா இடியப்பம் அவித்து விற்றுக் கட்டினார். அறுவடைப் பண்டிகைச் சமையலுக்குச் சாமான் வாங்க அனுப்பினோம். கறிவேப்பிலை வாங்கிய சில்லறைக்குக்கூட ஒரு துண்டு எழுதி வந்தது. என் காசை முடித்த அன்று, விலை ஏறினதுக்கு என்று மேலதிகமாகவும் வைத்தார். லேவியராகமம் 6 இல் சொல்லியிருக்கிறபடி, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு. நான் கேட்கவில்லை.

ஆரையம்பதியிலிருந்து ஒரு சகோதரர்:

உங்களுக்கு மன்னிக்க ஒரு ஆள் எதிரில் இருந்தார். எங்களுக்கு அப்படி இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது எங்கள் உறவுக்காரப் பிள்ளையும் காயப்பட்டது. செத்தவர்களில் சின்னப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும்.

குண்டு வைத்தது இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்பதால், அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் பலர் முஸ்லிம்கள் வாழும் பக்கத்து ஊரான காத்தான்குடியின் கடைகளுக்குப் போவதை விட்டார்கள். நாங்கள் வழக்கமாக உடுப்பு எடுக்கும் கடைக்காரர் எங்களுக்கு ஒரு பிழையும் செய்யாதவர், அவரை மன்னிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் என் மனைவிக்கு அந்த வீதியால் போகவே பயம். அந்தக் கடைக்காரர்தான் முதலில் வந்தார். ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நின்று "வரலாமா அண்ணன்?" என்று கேட்டார். பிள்ளையின் தாய் முகம் கொடுக்கவில்லை. அவர் உள்ளே வராமல், கொண்டுவந்த பழத்தை என் கையில் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் கோல் எடுத்துப் பிள்ளையை விசாரிப்பார், கடைக்கு வாங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு நத்தாருக்கு என் மனைவியே அங்கே போவோம் என்றார்.

குண்டு வைத்தவர்களை மன்னிப்பது பற்றி எங்கள் வீட்டில் இன்னும் ஒரே கதை இல்லை. மனைவி மன்னித்துவிட்டேன் என்கிறார். பிள்ளையின் தாய் அந்தப் பேச்சையே எடுக்கவிடுவதில்லை. அவரை யாரும் அவசரப்படுத்தக்கூடாது, வசனம் சொல்லி நெருக்கவும் கூடாது.

தங்கச்சி, அதற்குப் பிறகு உங்கள் சங்கத்தில் சீட்டுப் போட்டீர்களா?

கல்லடிச் சகோதரி:

போட்டிருக்கிறோம் அண்ணன். பிடிப்பது வேறொருவர். அந்த அக்காவும் ஒரு ஆளாகச் சேர்ந்திருக்கிறார். யாருக்கு எந்தச் சீட்டு என்று குலுக்கப் போனபோது, தனக்குக் கடைசிச் சீட்டைத் தரச்சொல்லி அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.