உயிருள்ள கிளைக்குள் குடியிருக்கும் எறும்புகள் கடல் ஏறும்போது மூழ்காமல் இருப்பது எப்படி?

கிள்ளைவாசி (கடலூர் மாவட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் சென்றபோது, வாய்க்காலின் மேல் சாய்ந்திருந்த ஒரு கிளையில் குண்டூசித் தலை அளவே உள்ள துளை ஒன்றைக் கண்டேன். அதற்குள் சிறிய கறுப்பு எறும்புகள் போவதும் வருவதுமாக இருந்தன. கிளை பட்டுப்போனதன்று, நுனிவரை இலைகள் பச்சையாகவே இருந்தன. துளைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு முழம்தான் இருக்கும்.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, ஆஸ்திரேலியாவின் வடகரையில் அலையாத்தி மரக் கிளைக்குள்ளேயே கூடு வைத்து, கடல் ஏறும் வேளையில் கிளையோடு நீருக்குள் போய்விடும் ஓர் எறும்பினம் இருப்பதை அறிந்தேன். நீர் உள்ளே புகாமல் அவை எப்படித் தடுக்கின்றன? மணிக்கணக்கில் காற்றில்லாமல் எப்படி உயிர் பிழைக்கின்றன? நான் பார்த்ததும் அதே இனமாக இருக்கக்கூடுமா? கிளையை ஒடித்துப் பார்க்கலாம் என்று கை நீட்டியபோது, அது தில்லை மரம் என்றும் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்றும் சொல்லிப் படகோட்டி அண்ணன் தடுத்துவிட்டார்.

புதுவை விலங்கியல் ஆசிரியர் எழுதியது:

படகோட்டி சொன்னதை முதலில் வழிமொழிகிறேன். தில்லையின் பாலோடு விளையாடக் கூடாது.

நீங்கள் படித்த எறும்பின் அறிவியல் பெயர் கேம்போனோட்டஸ் ஆண்டர்செனி. நம் தோட்டத்துக் கட்டெறும்பின் பேரினம்தான், ஆனால் உருவில் மிகவும் சிறியது. சொன்னரேஷியா ஆல்பா என்னும் அலையாத்தி மரத்தின் கிளைகளுக்குள் மட்டுமே அது வாழ்கிறது. ஏற்றத்தில் கூட்டின் வாசலை நீர் தொட்டதும், காவல் எறும்பு ஒன்று தன் தலையை அந்தத் துளைக்குள் பொருத்தி அடைத்துக்கொள்கிறது. தலையும் வாசலும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தாற்போல இருப்பதால் நீர் உள்ளே இறங்குவதில்லை. வற்றம் தொடங்கி வாசல் வெளிப்பட்டதும் தலை விலகுகிறது, கூட்டுக்குள் புதுக்காற்று வருகிறது.

ஆனால் நீரைத் தடுக்கும் தலை காற்றையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. கிளைக்குள் இருக்கும் இடமோ சிறியது, அதில் எறும்புகளோ நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஆகவே அடைத்த சிறிது நேரத்திலேயே ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்ஸ் நீல்சனும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைச் சேர்ந்த கீத் கிறிஸ்டியனும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, கார்பன் டை ஆக்சைடு மிகும்போது இவ்வெறும்புகள் ஆக்சிஜன் தேவைப்படாத சுவாசத்துக்கு மாறிக்கொள்கின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கின்றன என்பதைவிட, உடலின் செலவையே சுருக்கிக்கொண்டு காத்திருக்கின்றன என்பதே சரி.

நீங்கள் பார்த்தது அந்த இனமாக இராது என்பதே என் கருத்து. டார்வின் துறைமுகத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு எட்டு மீட்டர்வரை செல்கிறது. அங்கே மரத்தின் தலைப்பகுதிகூட நாள்தோறும் நீருக்குள் போய்வரக்கூடும். நம் கடலூர்க் கரையிலோ அந்த வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. எனவே சாதாரண நாளில் உங்கள் எறும்புகளின் வாசலை நீர் தொடாமலேயே போகலாம். நம் பகுதிக்குரிய ஆபத்து வேறு: ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளாறும் கொள்ளிடமும் பெருகினால் உப்பனாற்று வாய்க்கால்களில் நீர் நாள்கணக்கில் இறங்காமல் நிற்கும். சில மணி நேரத்துக்கு வாசலை அடைக்கும் உத்தி அதற்கு உதவாது. மேலே உள்ள கிளைக்கு இடம் மாறுவதொன்றே வழி.

நெல்லித்தோப்பு நண்பர் எழுதியது:

ஆசிரியர் ஐயா தலையால் வாசலை அடைப்பதைச் சொன்னார். அடைத்தும் நீர் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்யும் என்பதற்கு மலேசியக் காட்டு மூங்கிலில் விடை இருக்கிறது. அங்கே சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இதில் எனக்கு ஓர் ஈர்ப்பு உண்டு.

கேட்டலாக்கஸ் மியூட்டிகஸ் என்னும் எறும்பு, உயிருள்ள பெருமூங்கிலின் கணுவிடைப் பொந்துகளில் மட்டுமே வாழ்கிறது. அங்கே பெய்யும் மழை நம் புயல்மழைக்குச் சளைத்ததன்று. மழை தொடங்கியதும் இந்த எறும்புகளும் தலையால்தான் வாசலை மறிக்கின்றன. அப்படியும் நீர் புகுந்துவிட்டால், கூட்டமாக அந்த நீரைக் குடித்து, வயிறு நிறைந்ததும் வெளியே வந்து, மூங்கிலின் வெளித்தோலில் சிறுநீராகத் துளித்துளியாக விட்டுவிட்டு மீண்டும் குடிக்க உள்ளே போகின்றன. கூடு வற்றும்வரை இந்த வேலை ஓயாது. ஜெர்மனியின் மாஷ்விட்ஸ், மோக் என்னும் ஆய்வாளர்கள் 2000இல் இதை விவரித்தார்கள். காய்ந்த குச்சியிலும் மக்கிய மரத்திலும் வாழும் இரண்டு உறவினங்களை அவர்கள் ஆய்வகத்தில் சோதித்தபோது, அவை எந்த வகையிலும் நீரை வெளியேற்ற முயலவில்லை. அந்தப் பழக்கம் மூங்கில் குடியிருப்பின் தேவையால் வந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று என்று தோன்றுகிறது.

கிள்ளைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி: எறும்புக்கு வீடு கிடைக்கிறது, சரி, பொந்தைச் சுமக்கும் மரத்துக்கு இதனால் ஏதேனும் பயன் உண்டா, அல்லது வாடகை தராத குடித்தனமா?

பண்ருட்டி முந்திரி விவசாயி எழுதியது:

கிளைக்குள் வாழும் எறும்பை நான் அறியேன். பச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எங்கள் முந்திரித் தோப்பில் ஏராளம். கடி பொறுக்காமல் கொட்டை பொறுக்க வருபவர்கள் மருந்தடிக்கச் சொல்கிறார்கள். ஆனால் முசுறு குடியிருக்கும் மரத்தில் தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சும் பூச்சியின் தாக்குதல் குறைவாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். துளிர் கருகுவது பக்கத்து மரத்தில்தான். ஆகவே எங்கள் ஊர்க் கணக்கில் வாடகை வந்துகொண்டுதான் இருக்கிறது.

புதுவை விலங்கியல் ஆசிரியர் எழுதியது:

பண்ருட்டி ஐயா சொன்னதில் ஒரு சுவையான ஒற்றுமை உண்டு. நான் மேலே குறிப்பிட்ட அதே கீத் கிறிஸ்டியன், முந்திரித் தோப்புகளில் பூச்சிக்கொல்லிக்கு மாற்றாக முசுறு எறும்பைப் பயன்படுத்தும் முறையை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தவர்களில் ஒருவர்.

துணைக்கேள்விக்கு வருகிறேன். மத்திய அமெரிக்காவில் மாட்டுக்கொம்பு போன்ற முள்ளுடைய ஒரு வேல மரம், உள்ளீடற்ற முட்களில் எறும்புக்கு இடமும், இலை நுனியில் புரத உருண்டைகளும், காம்பில் தேனும் தருகிறது. எறும்புகளை அகற்றினால் அம்மரம் பூச்சிகளுக்கு இரையாகித் தேய்வதை டேனியல் ஜான்சென் என்னும் ஆய்வாளர் 1966இல் காட்டினார். எல்லா உறவும் இப்படிச் சீராக அமைவதில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹம்போல்ட்டியா புரூனோனிஸ் என்னும் சிறுமரம் இருக்கிறது. எங்கள் புதுவையின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நெடுங்காலமாகக் கவனித்துவரும் கர்நாடகத்தின் உப்பங்களா காட்டின் கீழடுக்கில் அதுவே மிகுதி. அதன் உப்பிய தண்டுப் பொந்துகளில் எறும்புகள் மட்டுமின்றி, மரமேறும் மண்புழுவும் ஒரு சிறு தேனீயும்கூடக் குடியிருக்கின்றன. குடியிருக்கும் எறும்புகளில் பெரும்பாலானவை மரத்தைக் காப்பதில்லை. ஆயினும் அவற்றின் கழிவிலிருந்து நைட்ரஜன் மரத்துக்குள் சேர்வதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரெனே போர்ஜஸ் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். காவல் இல்லை, எருவாவது உண்டு. சில இடங்களில் அதுவும் இன்றி, எறும்புகள் உள்ளே செதில் பூச்சிகளை வளர்த்து மரத்தின் சாற்றையே குடிப்பதும் உண்டு.

அடுத்த முறை போகும்போது கிளையைத் தொட வேண்டாம். கைப்பேசியில் நெருக்கிப் படம் எடுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரே ஒரு கணு இருந்தால் கட்டெறும்பின் உறவாக இருக்கலாம். இரண்டு கணுக்களோடு, இதய வடிவ வயிற்றைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினால் கிரெமட்டோகேஸ்டர் என்னும் பேரினம். உடல் மெலிந்து நீண்டு, கண் பெரிதாகவும் கணு இரண்டாகவும் இருந்தால் டெட்ராபோனெரா என்னும் பேரினம். அதற்கு நன்றாகக் கொட்டத் தெரியும் என்பதால் படகைச் சற்றுத் தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள். படத்தை இங்கே இட்டால் மேற்கொண்டு பார்க்கலாம்.