“ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ”

திருச்சிக்காரன்:
பாரிசுக்குப் படிக்கப் போன புதிது. கார் து நோர் ரயில் நிலையத்தில் என் பையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்போர்ட்டும் அதில்தான். பக்கத்திலேயே லா ஷப்பல், ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த இடம். ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து தமிழில் புலம்பினேன். கல்லாவில் இருந்த ஐயா தேநீர் வரவழைத்துவிட்டு, “ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ தம்பி” என்றார். எனக்குச் சுருக்கென்றது. யோசிக்காமல் பையைக் கீழே வைத்ததால்தானே இந்தக் கதி! “போலீசுக்குப் போவதா, தூதரகத்துக்குப் போவதா என்று யோசிக்க வேண்டாமா ஐயா?” என்றேன். “அதை நாங்கள் பார்க்கிறோம், நீங்கள் யோசிக்காதேங்கோ” என்று மறுபடியும் அதையே சொன்னார். அவர் மகன்தான் காவல் நிலையத்துக்குக் கூட வந்தான். அப்பா சொன்னது ‘கவலைப்படாதே’ என்று வழியில் விளக்கியவனும் அவன்தான். அதுவரை அவர்மேல் கோபமாகவே இருந்தேன்.

யாழ்ப்பாணத்துக்காரி:
எனக்கு இது தலைகீழாக நடந்தது. சென்னையில் ஒரு வாடகை வீடு பிடித்துப்போய், முன்பணம் கொடுக்கப் போயிருந்தேன். அன்று காலையிலிருந்து ஊரில் அம்மாவின் தொலைபேசி கிடைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து வீட்டுக்கார அம்மா என்னவென்று கேட்டார். “யோசனையாக இருக்கிறது” என்றேன். “நிதானமாகச் சொல்லம்மா, அவசரமில்லை” என்றார். பணத்துக்குக்கூட அவசரப்படுத்தாத நல்ல மனது என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போனால் அங்கே வேறொரு குடும்பம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பவரிடம் “என்ன பலத்த யோசனை?” என்று எங்கள் பக்கமும் கேட்பதுண்டு. கவலையின் வாடை அதில் இருக்கத்தான் செய்கிறது. ஈழத்தாரும் “யோசித்துச் சொல்லுங்கோ” என்பார்கள், அது சிந்தனைதான். ‘யோசிக்காதே’ என்று எதிர்மறையில் வரும்போது கவலை முன்னால் வந்து நிற்கிறது.

சொல் வடமொழி. பூட்டுதல், இணைத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஒருமுறை பூட்டி அவிழ்ப்பதற்குள் வண்டி போகிற தூரத்துக்கும் யோசனை என்றுதான் பெயர். அனுமன் நூறு யோசனை அகலமுள்ள கடலைத் தாண்டினான் என்று ஏழாம் வகுப்பில் ஒருநாள் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, “அத்தனை யோசனை வந்தால் எப்படி ஐயா தாண்டுவான்?” என்று கேட்டான்.