மறு: மருந்து கலந்த மீன் தீனிக்குக் கலைச்சொல் – "மருந்திரை" வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மருந்து கலந்த மீன் தீனிக்கு நம் அகராதியில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையில் ஐயா முன்வைத்த "மருந்துணவு", அக்கா திருத்திச் சொன்ன "மருந்தூட்டிய தீவனம்" இரண்டையும் படித்தேன். இலக்கணப்படி இரண்டிலும் குறையில்லை. ஆனால் ராமநாதபுரத்தில் வண்ணமீன் கடைக்குப் போய் நிற்கிறவர் வாயில் இவை வருமா என்று யோசித்தால் தயக்கமாக இருக்கிறது, பொருளும் கொஞ்சம் வழுக்குகிறது. என் பங்குக்கு "மருந்திரை" என்ற சொல்லை வைக்கிறேன். மருந்து + இரை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதைப் பார்ப்போம். ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற வண்ணமீன் நோய்ப்பட்டு வயிறு ஒட்டிப்போய், வெள்ளை நூல் மாதிரி கழிவை இழுத்துக்கொண்டு மூலையில் நிற்கும். (அது மட்டுமே ஒட்டுண்ணிக்குச் சான்றாகாது, பட்டினி கிடந்த மீனும் அப்படிக் கழியும்.) கப்பி மீனின் பின்துளையில் சிவப்பு நூல் முனைகள் எட்டிப் பார்த்தால் காமல்லானஸ் உருளைப்புழு என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இந்த ஒட்டுண்ணிகள் குடலுக்குள் இருப்பவை. தொட்டித் தண்ணீரில் மருந்தை ஊற்றினால் குடலுக்குப் போதிய அளவு போய்ச் சேராது, ஏனென்றால் நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே மிகக் குறைவு. கடல் மீன் குடிக்கும்தான், ஆனால் கோமாளி மீனோடு கடல் சாமந்தியும் இறாலும் இருக்கிற தொட்டியில் மருந்தை ஊற்றுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும், தாமிர மருந்தென்றால் முதுகெலும்பில்லாத அந்த உயிர்கள்தான் முதலில் சாகும். ஆகவே மருந்தைத் தீனியில் கலந்து வாய்வழியாகக் கொடுக்கிறார்கள். தோலிலும் செவுளிலும் இருக்கிற வெள்ளைப்புள்ளி நோய் போன்றவற்றுக்கு இந்த வழி பெரிதாக உதவாது, அங்கே தண்ணீரில்தான் மருந்து சேர வேண்டும். எனவே ஒரு சொல் போதாது, "மருந்திரை", "மருந்துக்குளியல்" என்று இரண்டும் இணையாக அகராதியில் நிற்க வேண்டும். ஒன்றைப் படிக்கிறவருக்கு மற்றது நினைவுக்கு வர வேண்டும்.

இப்போது "மருந்துணவு". "உணவே மருந்து" என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய காதுக்கு இது தூதுவளை ரசத்தையும் கேழ்வரகுக் கூழையும்தான் நினைவூட்டும். நாம் சொல்வது அதுவல்ல, அளந்து போட்ட மாத்திரைத் தூள் உள்ளே இருக்கிற தீனி. "தீவனம்" நல்ல சொல்தான், ஆனால் இறால் பண்ணைக்கு மூட்டையில் வருவதும் மாட்டுக்கு வைப்பதும் தீவனம், தொட்டியில் ஒரு சிட்டிகை போடுவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடையில் உண்மையாகப் புழங்குவது "மீன் தீனி". அதனால் பேச்சில் "மருந்துத் தீனி" என்று சொன்னாலும் எனக்கு மறுப்பில்லை, இணைச்சொல்லாகவே போட்டுவிடலாம்.

அப்புறம் இரை. வேட்டையில் அகப்படுவதுதான் இரை, அதனால் பொருந்தாது என்று இந்த இழையில் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். அப்படிக் குறுக்க வேண்டாம். கோழி இரை பொறுக்குகிறது, நம் வயிற்றில் இருப்பதும் இரைப்பைதான். குறளிலேயே "மருந்து" அதிகாரத்தில், 946-ஆம் குறளில், மிதமிஞ்சித் தின்பவனைக் "கழிபேர் இரையான்" என்கிறார் வள்ளுவர். பாம்பனிலும் கீழக்கரையிலும் தூண்டில் போடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள், "இரை எடுக்குதா?" என்பதுதான் பேச்சு. எனக்கு இந்தச் சொல் பிடித்ததே இந்த "எடுக்குதா" என்ற கேள்விக்காகத்தான். இந்தச் சிகிச்சை பலிப்பதும் பலிக்காததும் அதில்தான் நிற்கிறது. நோய் முற்றி வாய் மூடிவிட்ட மீனுக்கு என்ன கலந்து போட்டும் பயனில்லை, அதற்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். "மருந்திரை" என்று சொன்ன உடனே மீன் இரை எடுக்கிறதா என்ற கேள்வி தானாக எழும். "உணவு" என்றால் எழாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். எலி மருந்து, பூச்சி மருந்து என்று நஞ்சையும் மருந்து என்றே சொல்கிறோம். அப்படியானால் மருந்திரை என்பதை நஞ்சு வைத்த இரை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அதனால் "நச்சிரை" என்று தனிப் பதிவு போட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வரியில் எழுத வேண்டும். மீன் கடையில் "மீன் மருந்து" என்றால் நோய்க்கான மருந்து என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள், ஆகவே அந்தத் துறைக்குள் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

செய்முறையையும் சொல்கிறேன், வரையறை எழுத உதவும். மருந்தைத் தீனிமேல் வெறுமனே தூவினால் தண்ணீரில் பட்டவுடன் கரைந்து போய்விடும், ஆகவே பிடித்து வைக்க ஒரு பசை வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். நம் கரையில் கோடையில் தொட்டித் தண்ணீரே 30 டிகிரியைத் தொடும், ஜெலட்டின் இளக ஆரம்பித்துவிடும். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் செய்கிற கடல்பாசி இதற்கு மிகப் பொருத்தம். மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கிற கஞ்சிப்பாசியிலிருந்து வருகிற அதே அகர் என்ற உறைபசைதான். கொதிக்க வைத்துக் கரைத்து, இறாலையோ சூடை மீனையோ மை போல அரைத்துச் சேர்த்து, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் மருந்துத் தூளைக் கலந்து உடனே தட்டில் மெல்லியதாக ஊற்ற வேண்டும். 40 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், கலக்க முடியாது. மீனின் வாயளவுக்கு நறுக்கி உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். குடல் ஒட்டுண்ணிக்குக் கொடுக்கிற மெட்ரானிடசோல் மருந்து கசக்கும், சில மீன் வாயில் வாங்கித் துப்பிவிடும், பூண்டுச் சாறு சில துளி விட்டால் சில வேளை எடுக்கும்.

அளவு: குடலில் இருக்கிற ஹெக்சாமிட்டா வகை ஒற்றைச்செல் ஒட்டுண்ணிக்கு 1 கிராம் இரைக்கு 10 மில்லிகிராம் மெட்ரானிடசோல், தொடர்ந்து 5 நாள். அதாவது 400 மி.கி. மாத்திரை ஒன்று 40 கிராம் இரைக்குச் சரி. உருளைப்புழுவுக்கு ஃபென்பெண்டசோல், 100 கிராம் இரைக்குக் கால் கிராம், 3 நாள், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும். இது தண்ணீரில் கசிந்தால் நத்தைகளுக்கு ஆகாது, தின்னாத மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

வரையறையில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2010-இல் கடல்விராலையும் அடுத்த ஆண்டு பாம்பானோ மீனையும் குஞ்சு பொரிக்க வைத்த பிறகு இந்தக் கரையில் கூண்டு மீன் வளர்ப்பும் பரவியிருக்கிறது. வண்ணமீன் தொட்டி, கூண்டு, இறால் குளம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊரில் சொல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுலபமாகப் போகும், கூடவே மாத்திரையும் போகும். மெட்ரானிடசோல் மனிதர் உண்பதற்காக வளர்க்கும் மீனுக்கும் இறாலுக்கும் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆகவே பதிவை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

மருந்திரை (பெ.) – மீனின் உள்ளுறுப்பிலுள்ள ஒட்டுண்ணியையோ கிருமியையோ நீக்க, அளவிட்ட மருந்தைப் பசையோடு சேர்த்துச் செய்த தீனி. இரை எடுக்கும் மீனுக்கு மட்டும் பயன்படும். வண்ணமீனுக்கான மருந்தை மனிதர் உண்பதற்காக வளர்க்கும் மீனுக்கு இடலாகாது. இணைச்சொல்: மருந்துத் தீனி. ஒப்பிடுக: மருந்துக்குளியல், நச்சிரை.

இன்னும் ஒன்று பாக்கி. இரையிலிருந்து மருந்து தண்ணீருக்குப் போவதற்கு "கசிவு" என்று மேலே எழுதியிருக்கிறேன், ஆனால் தொட்டி விரிசல் விட்டு ஒழுகுவதையும் கசிவு என்றுதான் சொல்கிறோம். "மருந்திழப்பு" சரிவருமா? தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்கள் வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.